மகப்பேற்றுச் சம்பளம்: எத்தனை வாரம் என்று கேட்பதற்கு முன்னால்

நீங்கள் கேட்டது இது: வேலையில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது, இப்போது மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறீர்கள். கணவர் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கிறார். ஹெச்.ஆரில் விசாரித்தால் "லீவு உண்டு, சம்பளம் பற்றி அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். எத்தனை வாரம் சம்பளம் வரும், கணவருக்கு ஏதாவது கிடைக்குமா?

முதலில் வாழ்த்துகள். நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் வளைகாப்பு முடிந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு வருவார்கள். அதற்குள் சில தேதிகள் கடந்துபோயிருக்கும்.

எந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று எழுதவில்லை. அது தெரியாமல் வாரக் கணக்கு சொல்பவரை நம்பாதீர்கள், நான் உட்பட. ஆனால் சம்பளப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். நாடு எதுவானாலும் இந்தச் சட்டங்களின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். பணத்தைத் தருவது யார், எந்த நாளை வைத்து உங்கள் தகுதியைப் பார்க்கிறார்கள், எந்த மாதங்களின் சம்பளத்தை வைத்துத் தொகையைப் போடுகிறார்கள்? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் எத்தனை வாரம் என்பதைச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஹெச்.ஆர். சொன்ன பதிலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவர்கள் தெரிந்து சொன்னார்களோ தெரியாமல் சொன்னார்களோ, விடுப்பும் சம்பளமும் தனித்தனி உரிமைகள் என்பது உண்மை. பிரிட்டனில் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே 52 வாரம் பேறுகால விடுப்புக்கு உரிமை உண்டு. சட்டப்படியான சம்பளமோ 39 வாரத்துக்குத்தான், அதற்கும் அதே முதலாளியிடம் 26 வாரம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுக் குடும்ப விடுப்புச் சட்டம் 12 வாரம் விடுப்பைத் தருகிறது. ஆனால் கூட்டாட்சிச் சட்டப்படி அந்த 12 வாரத்துக்கும் ஒரு காசு கிடையாது, வேலை போகாது என்பது மட்டும்தான். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்கள் தாங்களாகக் காப்பீடு வைத்துப் பணம் கொடுக்கின்றன. ஆகவே "லீவு உண்டு" என்ற பதிலைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பி வந்துவிடக் கூடாது. அது பாதிப் பதில்.

இனி, பணத்தைத் தருவது யார்? உலகத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழியில் காப்பீட்டு நிதி தரும். வேலை பார்க்கும் எல்லாரிடமும் மாதாமாதம் கொஞ்சம் பிடித்து வைத்து, யாருக்குக் குழந்தை பிறக்கிறதோ அவருக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். கனடா இப்படித்தான் செய்கிறது. இரண்டாவது வழியில் முதலாளி தன் கையிலிருந்து தருவார். மூன்றாவதில் இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள், அல்லது முதலாளி கொடுத்துவிட்டு அரசாங்கத்திடம் திரும்ப வாங்கிக்கொள்வார்.

இந்தியாவில் முதல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. சம்பளம், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் உச்சவரம்பான மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனமும் அந்தத் திட்டத்தில் இருந்தால், பணம் இ.எஸ்.ஐ. கழகத்திலிருந்து வரும். அதற்கு மேல் வாங்குபவருக்கு முதலாளிதான் தர வேண்டும். ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேஜைகளில் இருக்கும் இரண்டு பெண்களுக்கு இரண்டு வேறு இடங்களிலிருந்து பணம் வருவதற்கு இதுதான் காரணம். "அவளுக்கு இப்படித்தான் நடந்தது, உனக்கும் அப்படித்தான்" என்று தோழி சொல்லும் யோசனை தவறிப்போவதும் இங்கேதான்.

யார் தந்தால் நமக்கென்ன, பணம் வந்தால் சரி என்று தோன்றும். அப்படியில்லை. முழுச்சுமையும் முதலாளி தலையில் இருக்கும்போது, கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே யோசிக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் "அடுத்த திட்டம் என்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்புக்கு இந்த ஆபத்து ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது. 1919-இல் அமைப்பு தொடங்கிய முதல் வருடமே மகப்பேறு பற்றி ஓர் உடன்படிக்கை போட்டார்கள். பணம் பொதுநிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வர வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இப்போதிருக்கும் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் முதலாளி ஒருவர் மேல் முழுச் செலவையும் சுமத்தக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. குறைந்தது 14 வாரம் விடுப்பு, முந்தைய வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத பணம், பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் கட்டாய ஓய்வு என்பது அதன் அளவுகோல். உங்கள் நாட்டுச் சட்டத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. "சின்ன கம்பெனி, கட்டுப்படியாகாது" என்று சொல்லும் முதலாளிக்கு உண்மையிலேயே செலவா என்று பார்க்கலாம். பிரிட்டனில் சட்டப்படியான மகப்பேற்றுச் சம்பளத்தில் 92 சதவீதத்தை நிறுவனம் அரசாங்கத்திடமிருந்து திரும்பப் பெறலாம். மிகச் சிறிய நிறுவனமாக இருந்தால் கொடுத்ததற்கு மேலேயே, நூறு சதவீதம் தாண்டிக் கிடைக்கும். சிங்கப்பூரில் குடியுரிமை பெறும் குழந்தைக்கு 16 வாரம். முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கடைசி 8 வாரச் சம்பளத்தை அரசாங்கம் ஓர் உச்சவரம்புக்குள் நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. ஜெர்மனியில் எல்லா நிறுவனங்களும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்டி, கொடுத்ததை அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. இதெல்லாம் பல சின்ன முதலாளிகளுக்கே தெரியாது. சண்டை போடாமல் "இதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே சார்" என்று ஒரு வார்த்தை சொன்னதில் முடிந்துபோன விவகாரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உங்கள் நாலு மாதக் கணக்கு. "சேர்ந்து நாலு மாதம்தானே ஆகிறது, எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது" என்ற கவலை உங்கள் கேள்வியில் தெரிகிறது. இன்றைக்கு எத்தனை மாதம் என்பதை எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை. சட்டம் குறித்து வைத்திருக்கும் நாளில் எத்தனை மாதம் என்பதுதான் கணக்கு. உங்கள் நிலைமையையே ஒவ்வொரு நாடாக வைத்துப் பார்ப்போம்.

இந்தியா: எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். வாரம் ஐந்து நாள் போனாலே நாலு மாதத்தில் நீங்கள் அதைத் தொட்டிருப்பீர்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 வாரமாக இருந்தது 2017 திருத்தத்தில் 26 வாரமானது. அதில் அதிகபட்சம் 8 வாரம் பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். ஏற்கெனவே உயிரோடு இரண்டு குழந்தைகள் இருந்தால் மட்டும் 12 வாரம். 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோதும் இந்த 80 நாளும் 26 வாரமும் அப்படியே தொடர்ந்தன. இ.எஸ்.ஐ.யில் இருந்தால் நாள் கணக்கு 70. அதை வேறு மாதிரி, முந்தைய பங்களிப்புக் காலங்களில் எண்ணுவார்கள்.

பிரிட்டன்: பிரசவம் எதிர்பார்க்கும் வாரத்துக்கு முந்தைய 15-ஆவது வாரம்தான் தகுதி பார்க்கும் வாரம். சுமாராக 25-ஆவது வாரக் கர்ப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இப்போது 13 வாரம் என்றால் அந்த நாளுக்கு இன்னும் 12 வாரம் இருக்கிறது. ஏற்கெனவே பார்த்த 17 வாரத்தோடு சேர்த்தால் 29. தேவை 26, மூன்று வாரத்தில் தப்பித்தீர்கள்! ஒரு மாதம் தாமதமாக வேலையில் சேர்ந்திருந்தால் முதலாளி தரும் சம்பளம் போயிருக்கும். அப்போதும் கதவு முழுசாக மூடிவிடாது. மகப்பேற்று உதவித்தொகை என்று அரசாங்கம் நேரடியாகத் தருவது ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய 66 வாரத்தில் எந்த முதலாளியிடமாவது 26 வாரம் வேலை பார்த்திருந்தால், சொந்தத் தொழில் செய்திருந்தாலும்கூட, கேட்கலாம். நிறுவனம் "தகுதியில்லை" என்று ஒரு படிவம் தரும், அதை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். பலர் அந்தப் படிவத்தைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த கதவுக்குச் சாவியே அதுதான்.

கனடாவில் 600 மணி நேரம் காப்பீட்டுக்குரிய வேலை செய்திருக்க வேண்டும். வாரம் 40 மணி நேரம் என்றால் 15 வாரத்தில் முடிந்துவிடும். தாய்க்கான 15 வாரம், அதற்குமேல் பெற்றோர் இருவரில் யாரும் எடுக்கக்கூடிய வாரங்கள், 55 சதவீதம் வருமானம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. கியூபெக்கில் மட்டும் தனித் திட்டம். சிங்கப்பூரில் பிரசவத்துக்கு முன் 3 மாதம் வேலை பார்த்திருந்தால் போதும். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் 98 நாள். பிரசவத்துக்கு முந்தைய 9 மாதத்தில் 90 நாளும், கடைசி 4 மாதத்தில் ஏதேனும் ஒரு நேரத்திலும் அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். இங்கெல்லாம் நீங்கள் தேறிவிடுவீர்கள். இடிப்பது அமெரிக்காவில்தான். 12 மாதம் வேலை, அதில் 1,250 மணி நேரம், அதோடு சுற்றுவட்டாரத்தில் 50 பேராவது இருக்கும் நிறுவனம் என்று கேட்கிறார்கள். பிரசவ நேரத்தில் உங்களுக்குப் பத்து மாதம்தான் ஆகியிருக்கும்.

இலங்கையையும் வளைகுடாவையும் பற்றி ஒரு வரி. இலங்கையில் கடை, அலுவலக ஊழியருக்கு 84 வேலை நாள், ஞாயிறும் விடுமுறைகளும் அதில் சேராது. முன்பு மூன்றாவது குழந்தையிலிருந்து பாதியாகக் குறைத்த விதி 2018-இல் போய்விட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் தனியார் துறையில் 60 நாள், அதில் 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதி.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. நானும் ஏமாந்தேன்.

மகப்பேற்றுச் சம்பளம் உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கும் தொகையை வைத்துப் போடப்படுவதில்லை. குறிப்பிட்ட சில வாரங்களில் உங்களுக்கு உண்மையில் என்ன வந்ததோ அதன் சராசரிதான் அடிப்படை. பிரிட்டனில் அது தகுதி வாரத்தை ஒட்டிய 8 வாரம், அதாவது சுமாராக 18-ஆவது வாரக் கர்ப்பத்திலிருந்து 25-ஆவது வாரம் வரை. அந்த எட்டு வாரத்தில் நீங்கள் இரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பில் போனால் என்ன ஆகும்? வாரம் 800 சம்பளம் என்று வையுங்கள். அங்கே முதல் ஆறு வாரத்துக்குச் சராசரியில் 90 சதவீதம் தருவார்கள். முழுசாக வந்திருந்தால் மொத்தம் 6,400, சராசரி 800, அதில் 90 சதவீதம் 720. இரண்டு வாரம் இல்லாவிட்டால் மொத்தம் 4,800, சராசரி 600, 90 சதவீதம் 540. வாரம் 180 வீதம் ஆறு வாரத்தில் 1,080 போயிற்று. அதற்குப் பிறகு வருவது பெரும்பாலானவர்களுக்கு எல்லாருக்கும் பொதுவான நிலையான தொகை என்பதால் அதில் அடி விழாது. ஆனால் சம்பளம் குறைவாக இருப்பவருக்கு வேறோர் ஆபத்து உண்டு. சராசரி ஒரு கீழ்வரம்புக்குக் கீழே போனால் சட்டப்படியான சம்பளமே இல்லை என்றாகிவிடும்.

எனக்கு நடந்தது இதேதான். மசக்கை கடுமையாக இருந்தது. மருத்துவச் சான்று வாங்கி நோய் விடுப்பு எடுத்திருக்கலாம். ஆனால் புது மேலாளர், அவரிடம் காரணம் சொல்லத் தயக்கம். "சொந்த வேலை" என்று எழுதிக் கொடுத்து சம்பளமில்லா விடுப்பில் மூன்று வாரம் வீட்டில் படுத்தேன். அடுத்தவர் சம்பளத்தை ஆயிரம் தடவை கணக்குப் போட்டவள், என் சராசரியை மறந்துவிட்டேன். கணக்குத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நிறுவனத்தின் மேல் தவறு சொல்ல ஒன்றுமில்லை, விதிப்படிதான் போட்டிருந்தார்கள்.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் தாராளம். விடுப்பில் போவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் நீங்கள் வேலை பார்த்த நாட்களுக்கான கூலியின் சராசரியைத்தான் எடுக்கிறது. வராத நாட்கள் சராசரியை இழுக்காது. ஆனால் நிறுத்திவைத்த சம்பள உயர்வு ஏதாவது இருந்தால், அது அந்த மூன்று மாதத்துக்கு முன்னால் வருவதற்கும் பின்னால் வருவதற்கும் வித்தியாசம் உண்டு. அதனால் உங்கள் சட்டத்தில் சராசரி எடுக்கும் காலம் எது, வகுப்பது மொத்த வாரங்களாலா வேலை பார்த்த நாட்களாலா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நோய் விடுப்போ ஈட்டிய விடுப்போ இருந்தால் அதை எடுங்கள், சம்பளமில்லா விடுப்பைத் தள்ளிப் போடுங்கள். ஓவர்டைம், கமிஷன், போனஸ் ஆகியவை சராசரியில் சேருமா என்று கேளுங்கள். பல இடங்களில் சேரும். சம்பளத்திலிருந்து ஏதாவது சலுகைத் திட்டத்துக்குப் பிடித்தம் போகச் சம்மதித்திருந்தால், கார், சைக்கிள் மாதிரி, அதையும் பாருங்கள். காகிதத்தில் சம்பளத்தையே குறைத்துக் காட்டும் திட்டம் என்றால் சராசரியும் குறையும்.

உங்களுக்கு இப்போது 13 வாரம்தான் ஆகிறது என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். இந்தக் காலம் உங்களுக்கு இன்னும் தொடங்கவில்லை.

சட்டம் தருவது குறைந்தபட்சம். நிறுவனம் தன் கொள்கைப்படி அதற்கு மேல் தரலாம். மேலே தருவதில் மட்டும் ஒரு கொக்கி இருக்கும்: "திரும்பி வந்து இத்தனை மாதம் வேலை பார்க்காவிட்டால் கூடுதலாகத் தந்ததைத் திருப்பித் தர வேண்டும்." பிரிட்டனில் அப்படிக் கேட்பது செல்லும், ஆனால் சட்டப்படியான பகுதியை ஒருபோதும் திரும்பக் கேட்க முடியாது. தகுதி வாரத்தைத் தாண்டிய பிறகு வேலையை விட்டாலும் அது தொடர்ந்து வரும். ஆகவே ஒப்பந்தத்தில் எவ்வளவு சட்டப்படி, எவ்வளவு நிறுவனத்தின் சார்பில் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வரியில் கலந்திருந்தால் பிற்பாடு வம்பு.

எப்போது சொல்வது என்றும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டுப் பெரியவர்கள் மூன்று மாதம் முடியட்டும் என்பார்கள். சட்டத்தின் கெடு அதைவிடத் தாராளம்தான். பிரிட்டனில் தகுதி வாரத்துக்குள் விடுப்பைத் தெரிவிக்க வேண்டும், சம்பளம் கேட்க 28 நாள் முன்னறிவிப்பு, 20-ஆவது வாரத்துக்குப் பிறகு மருத்துவரோ மருத்துவச்சியோ தரும் சான்று. இந்தியாவில் எழுத்தில் அறிவிப்பும் கர்ப்பச் சான்றும் கொடுத்தால், பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை முன்பணமாகவே தர வேண்டும். குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதியைத் தர வேண்டும். நடைமுறையில் மாதாமாதம் சம்பளத் தேதியில் போடுகிறார்கள். உங்களுக்கு அது வசதியானால் சரி, ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. ஆனால் என் யோசனை, கெடுவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது. பரிசோதனைகளுக்குப் போக நேரம், பாரம் தூக்கும் வேலையிலிருந்து விலக்கு, பணிநீக்கத்திலிருந்து பாதுகாப்பு ஆகியவை எல்லாம் நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்த பிறகுதான் பலமாக நிற்கும். வாயால் சொன்னது சொன்னதாகாது, எழுத்தில் கொடுங்கள்.

பணிநீக்கம் என்றதும் பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு எடுப்பதும், விடுப்புக் காலத்துக்குள் முடியும்படி நோட்டீஸ் கொடுப்பதும் இந்தியாவில் சட்டவிரோதம். கர்ப்பமாக இருக்கும்போதே நீக்கினாலும், நீக்காமல் இருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணத்தைக் கேட்கலாம். ஜெர்மனியில் பிரசவத்துக்குப் பிறகு நாலு மாதம் வரை வேலையிலிருந்து நீக்கத் தடை. பிரிட்டனில் ஆட்குறைப்பு வந்தால் பொருத்தமான வேறு இடத்தை முதலில் உங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இந்தப் பாதுகாப்பு கர்ப்பத்தைத் தெரிவித்த நாளிலிருந்து குழந்தைக்கு 18 மாதம் ஆகும்வரை நீள்கிறது. சர்வதேச உடன்படிக்கை இன்னொரு நல்ல வேலையும் செய்தது. நீக்கியதற்குக் காரணம் கர்ப்பம் இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்றது. அந்த உடன்படிக்கைப்படி நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை.

ஒப்பந்தத்திலும் தினக்கூலியிலும் இருப்பவர்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டிலேயே தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் தொடுத்த வழக்கில் அவர்களுக்கும் மகப்பேற்றுச் சலுகை உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்துவிட்டாலும் சலுகை அதைத் தாண்டி நீளும் என்று 2023-இல் சொன்னது. "உங்க காண்ட்ராக்ட் அடுத்த மாதம் முடியுதே" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

எழுத மனமில்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிட வேண்டும். கர்ப்பம் கலைந்துபோனால் விடுப்பும் சம்பளமும் இல்லை என்று பலர் நினைத்து, இரண்டே நாளில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்தியாவில் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரிட்டனில் 24 வாரத்துக்குப் பிறகு குழந்தை உயிரின்றிப் பிறந்தாலும் முழு விடுப்பும் சம்பளமும் அப்படியே தொடரும். உங்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கட்டும். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குத் தேவைப்படலாம்.

கணவர் விஷயம். பல நாடுகளில் தந்தைக்கான உரிமை இன்னும் ஒப்புக்குத்தான் இருக்கிறது. இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள், தனியார் துறைக்கு நாடு தழுவிய சட்டமே இல்லை, நிறுவனத்தின் மனசைப் பொறுத்தது. மலேசியாவில் 7 நாள். பிரிட்டனில் இரண்டு வாரம் வரை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் குறைந்தது 10 வேலை நாள் என்று விதித்தது. சிங்கப்பூர் 2025 ஏப்ரலில் நாலு வாரத்தைக் கட்டாயமாக்கியது. சுவீடன் 1974-லேயே தாய் விடுப்பு என்பதைப் பெற்றோர் விடுப்பாக மாற்றிவிட்டது. இப்போது ஒரு குழந்தைக்கு 480 நாள், அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்குக் கொடுக்கவே முடியாது. அவர் எடுக்காவிட்டால் வீண். இப்படிக் கட்டிப் போட்டால்தான் அப்பாக்கள் எடுக்கிறார்கள் என்பது நார்வேயின் அனுபவமும்கூட. 1993-இல் தந்தைக்கு என்று நாலு வாரம் ஒதுக்கிய பிறகுதான் அங்கே அது வழக்கமாயிற்று. "இருவரில் யாரும் எடுக்கலாம்" என்று விட்டால், சம்பளம் அதிகமுள்ளவர் வேலைக்குப் போக, மற்றவர் வீட்டில் இருப்பார். மற்றவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் கணவர் ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்றால் முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும், குறிப்பிட்ட காலத்துக்கான ஊழியரா? அப்படியானால் பல சட்டங்கள் அவரை மற்ற ஊழியரைப் போலவே நடத்தும். மாதம் பில் போட்டுப் பணம் வாங்கும் சுயதொழிலாளியா? அப்படியானால் தந்தை விடுப்புச் சம்பளம் பெரும்பாலும் கிடைக்காது. கனடாவில் சுயதொழில் செய்பவர் தாமாகப் பதிந்துகொண்டு காப்பீடு கட்டலாம், ஆனால் பதிந்து ஒரு வருடம் ஆன பிறகுதான் கேட்க முடியும் என்பதால் இந்தக் குழந்தைக்கு உதவாது. அவருக்குப் பணம் இல்லை என்று முடிவானால் உங்கள் விடுப்பில் எந்த வாரங்களில் வருமானம் குறைகிறது என்று பார்த்து, அவருடைய ஒப்பந்த இடைவெளியை அங்கே கொண்டுவராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே மாதத்தில் வருமானம் விழுவதுதான் வீட்டை ஆட்டும்.

இனி ஹெச்.ஆருக்கு. "அப்புறம் பார்க்கலாம்" என்ற பதிலை அப்படியே விடாமல் ஒரு மெயில் போடுங்கள். கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"நான் கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவம் எதிர்பார்க்கும் தேதி இது. மகப்பேறு விடுப்பை இந்தத் தேதியிலிருந்து எடுக்க நினைத்திருக்கிறேன். எனக்குக் கிடைக்கும் சம்பளம் எந்தச் சட்டத்தின் அல்லது திட்டத்தின் கீழ் வருகிறது, தகுதி பார்க்கும் தேதி எது, சராசரி எடுக்கும் காலம் எது, சட்டப்படியான தொகை எவ்வளவு, நிறுவனம் கூடுதலாகத் தருவது எவ்வளவு, அதற்கு நிபந்தனை உண்டா, விடுப்புக் காலத்தில் பிஎஃப், மருத்துவக் காப்பீடு போன்றவை தொடருமா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அதே மெயிலையே மீண்டும் அனுப்புங்கள். அப்போதும் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம், தொழிற்சங்கம், இலவசச் சட்ட உதவி மையம் என்று உங்கள் ஊரில் எது இருக்கிறதோ அங்கே இந்த இரண்டு மெயில்களோடு போகலாம். மறக்காமல் இரண்டையும், இதுவரை வந்த சம்பளச் சீட்டுகளையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பில் போன மறுவாரமே அலுவலக மெயிலின் கடவுச்சொல் காலாவதியாகிவிடும், கைக்குழந்தையோடு ஐ.டி. பிரிவுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது.